எட்டு எண்ணினால் இறக்கு

காற்றழுத்தத்தில் சுடும் ஏர் பிஸ்டலில் பயிற்சி எடுக்கிறேன். 60 குண்டு ஒரு சுற்று, முழுப் புள்ளி 600, ஒரு சுற்றுக்கு நோட்டில் ஒரு வரி. போன ஞாயிற்றுக்கிழமை எட்டாவது வரியை எழுதிவிட்டுக் கூட்டிப் பார்த்தேன். 538, 544, 529, 541, 547, 536, 543, 540. இதில் நல்ல ஆறை எடுத்துச் சராசரி போட்டால் 542. எனக்கு நானே வைத்துக்கொண்ட ஏ வகுப்பின் வாசல் 540. 2023 ஜனவரியில் முதல் முறையாக 60 குண்டு சுட்டபோது வந்தது 471. அங்கிருந்து 505 வரை ஐந்தே மாதத்தில் ஏறிவிட்டேன். அதற்கப்புறம் பதினொரு மாதம் பெரும்பாலும் 505க்கும் 518க்கும் நடுவிலேயே கிடந்தேன். அந்தப் பதினொரு மாதத்தில் எதையெல்லாம் கழற்றி மாட்டினேன், எதற்குக் காசைக் கொட்டினேன், கடைசியில் எது பிடிபட்டது என்பதற்குத்தான் இந்தப் பதிவு.

வேதாளையில் படகு இன்ஜின் ரிப்பேர் செய்கிறேன். துப்பாக்கி ஆசை வந்தது ஹூஸ்டனில் இருக்கும் மச்சானால். அவர் அங்கே ப்ராக்டிக்கல் பிஸ்டல் போட்டிக்குப் போகிறவர். ஓடிக்கொண்டே, மறைவுக்குப் பின்னால் நின்று, பல இலக்குகளைச் சுடும் போட்டி அது. வாங்கிய புள்ளியை எடுத்துக்கொண்ட விநாடியால் வகுக்கிறார்கள். அதற்கு ஹிட் ஃபேக்டர் என்று பெயர். எல்லா ஊரிலும் ஒரே அளவில் அமைக்கிற கிளாசிஃபையர் என்ற சோதனைச் சுற்றுகள் உண்டு. அதில் உச்ச ஹிட் ஃபேக்டரோடு ஒப்பிட்டு உங்களுக்கு எத்தனை சதவீதம் என்று பார்ப்பார்கள். 40க்குக் கீழே டி, 40இலிருந்து சி, 60இலிருந்து பி, 75இலிருந்து ஏ, 85இலிருந்து மாஸ்டர், 95க்கு மேல் கிராண்ட் மாஸ்டர். கடைசி எட்டில் நல்ல ஆறு கணக்கில் வரும்.

"ஒரு நாள் நல்லாச் சுட்டா வகுப்பு ஏறாது மச்சான். ஒரு நாள் கெட்டுப்போனாலும் இறங்காது. எட்டு தடவை யாரையும் ஏமாத்த முடியாது" என்றார். அந்த வார்த்தை எனக்குள் உட்கார்ந்துவிட்டது.

அவர் சுடும் 9 மி.மீ. துப்பாக்கி நம் நாட்டில் தனியாருக்குத் தடைசெய்யப்பட்ட துளை வகை. அதனால் 10 மீட்டர் ஏர் பிஸ்டலுக்கு வந்தேன். 0.177 அங்குலத் துளை, 20 ஜூலுக்குள் சக்தி என்றால் ஆயுத விதிகள் 2016இன்படி உரிமம் வேண்டியதில்லை. போட்டி ஏர் பிஸ்டலின் சக்தி 5, 6 ஜூல்தான். பொழுதுபோக்காக இல்லாமல் ஏறிப்போக வேண்டும் என்றால் பாதையும் உண்டு: மாநிலப் போட்டி, தென் மண்டலப் போட்டி, மாவ்லங்கர் என்ற அகில இந்தியப் போட்டி, தேசியப் போட்டி. ஒவ்வொரு வாசலிலும் ஒரு தகுதிப் புள்ளி.

முதலில் இடம். வலை போட்டு வைக்கும் கொட்டகை 11.2 மீட்டர் நீளம். சுடும் கோட்டிலிருந்து அட்டை 10 மீட்டர், அட்டைக்குப் பின்னால் பெட்டி, கோட்டுக்குப் பின்னால் ஆள் நிற்க இடம் என்று பார்த்தால் 12.5 மீட்டராவது வேண்டும். குறுக்குச் சுவரில் ஒரு கதவு அளவு உடைத்து, பக்கத்து அறைக்குள் நின்று சுடுகிற மாதிரி செய்தேன். அட்டையின் மையம் தரையிலிருந்து 1.40 மீட்டர். பின்பெட்டிக்கு 3 மி.மீ. இரும்புத் தகட்டைச் சாய்வாக வெல்டு வைத்து, முன்னால் கிழிந்த டிரால் வலையின் முடிச்சுப் பகுதிகளைத் திணித்தேன். பெல்லட் என்ற ஈயக் குண்டு வலையில் வேகம் இழந்து, தகட்டில் தட்டி, கீழே தட்டில் விழுகிறது. இதுவரை ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. சுடும் நேரத்தில் வெளிக்கதவுக்கு உள்தாழ்ப்பாள், வாசலில் சிவப்புத் துணி. இதில் நான் விட்டுக்கொடுத்ததே இல்லை.

வெளிச்சத்தில் முதல் தவறு. அட்டையில் 1500 லக்ஸ் வேண்டும். 50 வாட் எல்.இ.டி. விளக்கு இரண்டை நேராக அட்டையைப் பார்க்க வைத்தேன், அளவு கிடைத்தது. ஆனால் வெள்ளைச் சுவரில் பட்டுத் திரும்பிய ஒளி கண்ணைக் கூச வைத்தது. குறிபார்க்கக் குழாய் முனையில் இருக்கும் ஃப்ரன்ட் சைட்டின் விளிம்பு கறுப்பாகத் தெரியாமல் சாம்பலாகத் தெரிந்தது. துத்தநாகத் தகட்டில் குடை மாதிரி வளைத்து மாட்டியபின்தான் சரியானது. உப்புக் காற்றில் விளக்குக்கு மின்சாரத்தைச் சீராக்கிக் கொடுக்கும் டிரைவர் நான்கு மாதத்தில் பச்சை பூத்துச் செத்தது. இப்போது டிரைவரைத் தனி பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு சிலிகான் வைத்து அடைத்திருக்கிறேன். பதினாறு மாதமாக ஓடுகிறது.

துப்பாக்கி பழைய ஸ்டெயர் எல்பி10, ஒரு லட்சத்துப் பத்தாயிரம். வாங்கும்போது குழாய், ட்ரிக்கர், சைட் எல்லாம் பார்த்தேன். காற்று அடைக்கும் சிலிண்டரில் பொறித்திருந்த தேதியைப் பார்க்கவில்லை. இந்த அலுமினிய சிலிண்டர்களுக்கு ஆயுள் 10 வருடம். காலாவதியானதைப் போட்டிக்குக் கொண்டுபோகக் கூடாது, 200 பார் அழுத்தம் அடைத்து முகத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளவும் கூடாது. என்னுடையது முடிந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. புது சிலிண்டருக்கு இன்னொரு 17,500. பழையது வாங்குகிறவர்கள் முதலில் அந்தத் தேதியைப் பாருங்கள், அப்புறம் விலை பேசுங்கள்.

காற்று அடைப்பது கைப்பம்பில். 100 பாரிலிருந்து 200க்கு ஏற்ற நான் பம்பை 80 தடவை அடிக்க வேண்டியிருக்கிறது. நம் கரையில் காற்றே பாதி தண்ணீர். வாடைக் காலத்தில் பம்பின் அடித்திருகைத் திறந்தால் ஈரம் தெறிக்கிறது. 30 அடிக்கு ஒருமுறை திருகைத் திறந்து விடுகிறேன். உறிஞ்சும் பக்கம் சிலிக்கா ஜெல் நிரப்பிய ஒரு குழாயைச் சேர்த்திருக்கிறேன், ஜெல் நிறம் மாறினால் சட்டியில் வறுத்து மறுபடி போடுவேன். அட்டைக்கும் இதே கதைதான். ஈரம் ஏறிய அட்டையில் பெல்லட் வட்டமாக வெட்டாது, பிய்த்துக்கொண்டு போகும். 9ஆ 10ஆ என்று கோட்டைப் பார்க்கவே முடியாது. அட்டைக் கட்டை மூடி இறுகிய அரிசி டின்னில் ஜெல் பொட்டலத்தோடு வைத்தபிறகு துளை சுத்தமாக விழுகிறது.

இனி வகுப்பு ஏணி. மச்சானின் சதவீதத்தை அப்படியே எடுத்துக்கொண்டேன். ஆண்கள் தகுதிச் சுற்றில் தென் கொரியாவின் ஜின் ஜாங்-ஓ 2009இல் எடுத்த 594ஐ நூறு சதவீதம் என்று வைத்தேன். என் முதல் நாள் 471 அந்தக் கணக்கில் 79 சதவீதம். அதாவது துப்பாக்கியைப் பிடிக்கத் தெரியாத நாளிலேயே நான் ஏ வகுப்பு! கணக்கே தப்பு என்று அப்போதே புரிந்திருக்க வேண்டும், எனக்கு இரண்டு மாதம் ஆனது. அங்கே நேரம் வகுக்கிறது, அதனால் புதியவருக்கும் தேர்ந்தவருக்கும் நடுவே நாலு மடங்கு தூரம் விழும். இங்கே எல்லாரும் 600க்குக் கீழேயே நெருக்கிக்கொண்டு நிற்கிறோம். வாங்கிய புள்ளியை விட்டுவிட்டு, இழந்த புள்ளியை எண்ணத் தொடங்கினேன். 471 என்றால் இழப்பு 129. இழப்பு 100ஐத் தாண்டினால் டி. 500 முதல் சி, 520 முதல் பி, 540 முதல் ஏ, 555 முதல் மாஸ்டர், 570க்கு மேல் கிராண்ட் மாஸ்டர். எந்தச் சங்கமும் போட்ட வகுப்பு இல்லை இது, என் நோட்டுக்கு மட்டும். எட்டில் ஆறு என்ற விதியை மட்டும் மாற்றாமல் வைத்துக்கொண்டேன். வீட்டில் சுட்டாலும் முழு 60 குண்டு, கடிகாரம் வைத்து. பாதியில் விட்டாலும் அந்த வரி நோட்டில் ஏறும்.

505இல் நின்றபோது முதலில் பெல்லட்டைச் சந்தேகப்பட்டேன். 4.49, 4.50, 4.51 என்று தலை அளவு மாற்றி மூன்று டின், ஒவ்வொன்றும் ஆயிரத்தை ஒட்டி. பலன் இல்லை. பிறகு காற்றழுத்தத்தைச் சீராக வைக்கும் ரெகுலேட்டரை ஈரக் காற்று கெடுக்கிறதோ என்று பயந்தேன். கடைசியில் செய்ததை முதலிலேயே செய்திருக்க வேண்டும்: பட்டறை வைஸில் ரப்பர் தகடு வைத்து, அழுத்தாமல் பிடித்து, பத்து குண்டு சுட்டேன். பத்தும் சேர்ந்து 8 மி.மீ. துளை. பத்து வளையத்தின் விட்டமே 11.5. துப்பாக்கி பத்துக்குப் பத்து சுடுகிறது, நான்தான் சுடவில்லை. மூன்று டின்னையும் விடாமல் பயிற்சிக்குச் சுட்டுத் தீர்த்தேன்.

அடுத்து கிரிப், அதாவது கைப்பிடி. என் உள்ளங்கைக்கும் மரத்துக்கும் நடுவே கட்டைவிரல் அடியில் ஒரு பள்ளம். அதை இரண்டு உருண்டை பிசைந்து ஒட்டும் எபாக்ஸி வைத்து நிரப்பி, கையில் பாலிதீன் உறை போட்டுப் பிடித்து அச்சு எடுத்தேன். அச்சு அருமையாக வந்தது. காய்ந்தபின் வழவழப்பு. சித்திரை வெயிலில் தகரக் கொட்டகைக்குள் வியர்த்த கைக்கு அது சோப்பு மாதிரி. நழுவுகிறதே என்று இறுக்கினேன், இறுக்கியதால் குண்டெல்லாம் கடிகாரத்தின் 7 மணிப் பக்கம், அதாவது இடது கீழே, போயிற்று. அதை ராவி எடுத்து, மரத்தூளோடு கலந்த எபாக்ஸி மறுபடி வைத்து, காய்வதற்குள் ஆணி முனையால் நெருக்கமாகப் புள்ளி குத்தினேன். 80 நம்பர் உப்புத்தாள், அப்புறம் 120. அதோடு நிறுத்திவிட்டேன், மெருகு ஏற்றவில்லை. ஒவ்வொரு பத்து குண்டுக்கும் துண்டில் துடைத்துக்கொள்கிறேன். இதில் ஏழெட்டுப் புள்ளி கிடைத்தது, 518ஐத் தொட்டேன். தாண்டவில்லை.

நடுவில் ஒரு போட்டி. ஏர் பிஸ்டல் ட்ரிக்கர் 500 கிராம் எடையைத் தூக்க வேண்டும், மூன்று முயற்சி தருவார்கள். வீட்டில் மீன் கடையிலிருந்து வாங்கிய அரைக் கிலோ எடைக்கல்லை வைத்துச் சரிபார்த்திருந்தேன். உப்புநீர் தின்ற கல் அது. சோதனை மேசையில் மூன்று முறையும் ட்ரிக்கர் நழுவியது. வெளியே நின்று ஆலன் சாவியால் இறுக்கி மறுபடி காட்டிப் பாஸ் வாங்கினேன். பழகாத ட்ரிக்கரோடு கோட்டில் நின்று 496. திரும்பி வந்து அந்தக் கல்லைத் தராசில் போட்டால் 486 கிராம். இப்போது மின்னணுத் தராசில் எடை பார்த்த இரும்பு உருளை ஒன்றை வைத்திருக்கிறேன், 515 கிராம். அதைத் தூக்கினால்தான் பெட்டிக்குள் போகும்.

பதினோராவது மாதம் மதுரையில் சொல்லிக்கொடுக்கும் சாரிடம் நோட்டைக் காட்டினேன். புள்ளிகளைப் பார்க்கவே இல்லை. "ஒரு குண்டுக்கு எவ்வளவு நேரம் பிடிக்கிறீங்க தம்பி?" என்றார். தெரியாது என்றேன். "அதை எழுதிட்டு வாங்க."

என் மகள் ஏழாம் வகுப்பு. பின்னால் சுவர் ஓரமாக உட்கார வைத்து, கையில் செல்போனைக் கொடுத்தேன். துப்பாக்கி கீழே வந்து அட்டையின் கறுப்பு வட்டத்துக்கு அடியில் நின்றதும் தொடங்க வேண்டும், சத்தம் கேட்டதும் நிறுத்த வேண்டும். நான் புள்ளி சொல்வேன், அவள் இரண்டையும் எழுதுவாள். ஐந்து சாயங்காலம், 300 குண்டு. கணக்கு போட்டவளும் அவளே. 7 விநாடிக்குள் போன 168 குண்டின் சராசரி 8.9. எட்டிலிருந்து பத்து விநாடி வரை 81 குண்டு, சராசரி 8.5. பத்தைத் தாண்டிய 51 குண்டுக்கு 7.4.

"வாப்பா, இந்த அம்பத்தி ஒன்ன நீங்க சுடாமலே இருந்திருக்கலாமே" என்றாள்.

சுடாமல் இருக்க முடியாது, 60ஐயும் சுட்டாக வேண்டும். ஆனால் இறக்கிவிட்டு மறுபடி தூக்கலாம். அதைத்தான் நான் செய்யவே இல்லை. தூக்கிய கையை வீணாக இறக்கக் கூடாது என்று ஒரு பிடிவாதம். இன்னும் கொஞ்சம் நிற்கும், இன்னும் கொஞ்சம் நிற்கும் என்று பார்த்துக்கொண்டே இருப்பேன். அதற்குள் மூச்சு தீரும், கண் ஃப்ரன்ட் சைட்டை விட்டு அட்டைக்குப் போகும், விரல் பதறிப் பிடுங்கும்.

கண் அட்டைக்குப் போனால் ஏன் கெடுகிறது என்பதற்கு ஒரு கணக்கு பட்டறைக்காரனான எனக்கு மிகவும் உதவியது. என் இரண்டு சைட்டுக்கும் இடைவெளி 340 மி.மீ. ஃப்ரன்ட் சைட் பின்பள்ளத்துக்குள் கால் மி.மீ. விலகினால் 10 மீட்டரில் அது 7 மி.மீ.க்கு மேல். அட்டையில் வளையத்துக்கு வளையம் 8 மி.மீ. கிட்டத்தட்ட ஒரு புள்ளி போயிற்று. ஆனால் சைட் இரண்டும் நேராக இருக்க, கை மொத்தமாக 5 மி.மீ. ஆடினால் அட்டையிலும் 5 மி.மீ.தான். 4.5 மி.மீ. பெல்லட்டின் ஓரம் கோட்டைத் தொட்டாலே பத்து என்பதால், மையத்திலிருந்து 8 மி.மீ. வரை அதுவும் பத்துதான். கை ஆட்டத்தைப் பற்றி நான் பட்ட கவலை அத்தனையும் வேண்டாதது.

அன்றிலிருந்து விதி ஒன்று. மனதுக்குள் எட்டு எண்ணுவேன். எட்டுக்குள் குண்டு போகவில்லை என்றால் இறக்கு, எவ்வளவு அழகாக நின்றாலும் இறக்கு. முதல் மூன்று வாரம் நிலைமை மோசமாகத்தான் ஆனது. ஒரு சுற்றில் 34 தடவை இறக்கினேன். 60 குண்டுக்கு 84 நிமிடம் ஆயிற்று. எலக்ட்ரானிக் டார்கெட்டில் அனுமதி 75 நிமிடம், காகித அட்டைக்குத்தான் 90. தோள் கழன்றுவிடும் போல வலி. 509, 507.

விட்டுவிடலாமா என்று மச்சானிடம் கேட்டேன். "எங்களுக்கு நேரம்தான் காசு. உங்களுக்கு ஒண்ணேகால் மணி நேரம் சும்மாக் குடுத்திருக்கான். அதைச் செலவு பண்ணத் தோள் வேணும்ல, தோளைச் செய்யுங்க" என்றார். பெல்லட்டைக் குறைத்தேன். அதுவரை நாளைக்கு நூறு, நூற்றைம்பது சுடுவேன். வாரம் மூன்று நாள் 60 மட்டும் என்று வைத்தேன். மீதி நாட்களில் வெற்று வெள்ளைச் சுவரைப் பார்த்து 20 நிமிடம் ட்ரை ஃபயர் (பெல்லட் இல்லாமல் ட்ரிக்கரை மட்டும் இழுப்பது), எட்டு எண்ணிக்கையோடு. அட்டை இல்லாததால் கண் ஃப்ரன்ட் சைட்டை விட்டு எங்கும் போக முடியாது. அதன் பின் 970 கிராம் துப்பாக்கியை நீட்டி 30 விநாடி, ஆறு முறை. உச்சிப்புளி கடற்படை விமானத் தளமான ஐ.என்.எஸ். பருந்திலிருந்து ஹெலிகாப்டர் தாழப் பறக்கும் நேரத்தையே தேடி ட்ரை ஃபயர் செய்வேன், போட்டி இரைச்சலுக்கு அது நல்ல பழக்கம்.

ஏழாவது வாரம் 526. பிறகு 523, 531, 528. இறக்குவது 34இலிருந்து 12க்கு வந்தது, நேரம் 66 நிமிடம். எட்டு எண்ண வேண்டிய அவசியமே குறைந்து, பெரும்பாலும் ஐந்தில், ஆறில் குண்டு போகத் தொடங்கியது. டிசம்பரில் எட்டில் ஆறு 533, பிப்ரவரியில் 538, இப்போது 542. ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விடக் கூடாது. அந்த 51 குண்டும் 8.9 சராசரியில் போயிருந்தால் ஒரு சுற்றுக்கு 15 புள்ளி என்று மகள் அன்றே எழுதி வைத்திருந்தாள். அந்த 300 குண்டின் கணக்கில் ஒரு சுற்றுக்கு வந்தது 512. அதற்கு 15 கூட்டினால் 527. ஏறத்தாழ அதே இடத்தில்தான் முதலில் வந்து நின்றேன்.

போன ஒரு வருடத்தில் போன பெல்லட் 18 டின், 9,000 குண்டு, ஈயம் மட்டும் நாலு கிலோ. "மாப்ள, அந்த ஈயத்தைக் குடு, வலைக்கு உருக்கிக்கிறேன்" என்று மாமா கேட்டார். அடுப்படியில் வைத்து உருக்குவார் என்று தெரியும், கொடுக்க மனம் வரவில்லை. பெயிண்ட் டப்பாவில் மூடி வைத்துப் பழைய உலோகக் கடைக்குப் போட்டேன். மகள் பெல்லட்டைத் தொடுவதில்லை, சுட்டுவிட்டு நான் சோப்பு போட்டுக் கை கழுவாமல் டீ குடிப்பதில்லை.

மறுபடி முதலிலிருந்து செய்வதானால் வைஸ் சோதனையை முதல் வாரமே செய்வேன், செல்போன் கடிகாரத்தை இரண்டாவது வாரமே மகள் கையில் கொடுப்பேன், கிரிப்பில் கை வைக்குமுன் சித்திரை வரை காத்திருப்பேன். கொட்டகைக்கு மேற்குக் கதவு வைத்ததும் தவறு. கச்சான் அடிக்கும் மாதங்களில் மணல் உள்ளே வந்து சைட் திருகுகளில் ஏறுகிறது. கதவை வடக்குக்கு மாற்ற 9,000 கேட்கிறார்கள்.

ஏப்ரல் 15இல் மீன்பிடித் தடை தொடங்கினால் ஜூன் 14 வரை படகெல்லாம் கரையேறும், பட்டறையில் மூச்சு விட நேரம் இருக்காது. போன வருடம் அந்த 61 நாளில் மூன்றே சுற்று சுட்டேன், மூன்றும் பத்துப் புள்ளி கீழே. இந்த வருடம் ட்ரை ஃபயரை மட்டும் விடாமல், சுபுஹு தொழுதுவிட்டு வந்து 20 நிமிடம் என்று வைத்திருக்கிறேன். எட்டில் இருக்கும் 529 இன்னும் மூன்று சுற்றில் கழன்றுவிடும். இந்த வெள்ளிக்கிழமை அடுத்த 60.